பத்தியத்தில் ஒரு பீட்சா

சென்ற ஆண்டு என் மகளுக்கு 13 வயது நிறைந்தபோது, பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். கைப்பேசி கேட்பாள் என்று எதிர்பார்த்து, மறுப்பதற்கான சொற்களையும் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் கேட்டது ஒரு பீட்சா. வீட்டில் நான் செய்து தரும் பீட்சா வேண்டாமாம். கடையில், தோழிகள் மூவருடன் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஆள் வந்து என்ன வேண்டும் என்று கேட்டுப் போய், பிறகு கொண்டுவந்து வைக்கும் பீட்சா வேண்டும். "அவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டேம்மா" என்றாள். சொல்லி முடித்துவிட்டு அனுமதி கேட்பது அவளுடைய பழக்கம்.

மதுரையில் பீட்சாவுக்கா பஞ்சம் என்று நண்பர்கள் கேட்கலாம். பரோட்டாவுக்குப் பேர்போன ஊரில் இப்போது தெருவுக்குத் தெரு பீட்சாவும் கிடைக்கிறது. ஆனால் என் மகளுக்குச் சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்னும் புரதம் உடலுக்குள் போனால், அவளுடைய நோய் எதிர்ப்பு ஆற்றலே அவளுடைய சிறுகுடலைத் தாக்கத் தொடங்கிவிடும். சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து மழுங்கிப்போகும். இதற்கு மருந்து கிடையாது. அந்தப் புரதத்தை வாழ்நாள் முழுவதும் தவிர்ப்பது ஒன்றே வழி.

குளூட்டன் என்ற இலத்தீன் சொல்லுக்குப் பசை என்று பொருள். பிசைந்த கோதுமை மாவை ஓடும் நீரில் பிடித்துக் கழுவினால் வெள்ளை மாப்பொருள் கரைந்துபோய், கையில் ரப்பர் போன்ற ஓர் உருண்டை மிஞ்சும். இத்தாலியில் பொலோனியா நகரத்தைச் சேர்ந்த பெக்காரி என்ற அறிஞர் இதை இப்படிப் பிரித்தெடுத்த முறையைப் பற்றிய கட்டுரை 1745இல் அச்சாயிற்று. பரோட்டாக்காரர் மாவைக் காற்றில் வீசும்போது அது கிழியாமல் விரிவதும், பீட்சாவின் ஓரம் உப்பி மெத்தென்று நிற்பதும் இந்தப் பசையின் தயவால்தான். தமிழ்த்துறையில் இருப்பவள் ஆயிற்றே என்று, ஒருநாள் வகுப்பில் இதைப் 'பசையம்' என்று சொல்லிப் பார்த்தேன். பாதிப் பேர் 'பச்சையம்' என்று எழுதிக்கொண்டார்கள். அன்றோடு கலைச்சொல்லாக்கத்தைக் கைவிட்டேன்.

அவளுக்கு நோய் கண்டது 9 வயதில். அதற்கு முன் மூன்று ஆண்டுகள் பூச்சி மாத்திரையும் இரும்புச்சத்து டானிக்குமாகக் கழிந்தன. வகுப்பில் எல்லாரையும்விடக் குள்ளமாக இருந்தாள். எவ்வளவு டானிக் கொடுத்தும் இரத்தசோகை நீங்கவில்லை. "நீங்க வேலைக்குப் போறீங்க, சாப்பாட்டைச் சரியாக் கவனிக்கிறதில்ல" என்று ஒரு மருத்துவர் சொன்னார்; அதை நான் பல நாள் நம்பியும் இருந்தேன். கடைசியில் கண்டுபிடித்தவர் வட இந்தியாவில் மேற்படிப்புப் படித்துவிட்டுத் திரும்பியிருந்த இளைஞர். அங்கே இந்த நோயை அன்றாடம் பார்த்துப் பழகியவர். வடக்கு, வடகிழக்கு, தெற்கு என மூன்று பகுதிகளையும் ஒப்பிட்டு 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இந்நோய் வடக்கில் அதிகம் என்றும் தெற்கில் மிக மிகக் குறைவு என்றும் காட்டியது. நம் மருத்துவர்களுக்கு அது உடனே நினைவுக்கு வராததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். இரத்தப் பரிசோதனை, பிறகு குடலுக்குள் குழாய் விட்டுச் சதை எடுத்துப் பார்த்தல். எல்லாம் முடிந்து அந்த இளைஞர் என்னிடம் சொன்ன முதல் வாக்கியம், "உங்க மேல தப்பு ஒண்ணும் இல்ல மேடம்" என்பது.

இந்த நோய்க்கும் கோதுமைக்கும் உள்ள தொடர்பு தெரியவந்த கதை பஞ்சத்தோடு பின்னிக் கிடக்கிறது. இரண்டாம் உலகப்போரின் கடைசிக் குளிர்காலத்தில், 1944-45இல், நெதர்லாந்தில் ரொட்டியே இல்லாமல் போயிற்று. ஊரே பட்டினியில் வாடியபோது, இந்த நோயுள்ள குழந்தைகள் மட்டும் தேறினார்கள். போர் முடிந்து ரொட்டி திரும்பியதும் நோயும் திரும்பியது. கோதுமையின் மீது முன்பிருந்தே ஐயம் கொண்டிருந்த டிக்கே என்ற குழந்தை மருத்துவர், தம் கண்டுபிடிப்பை 1950இல் முனைவர்ப் பட்ட ஆய்வேடாக எழுதினார். நானும் ஓர் ஆய்வேட்டுக்காகச் சில ஆண்டுகளைச் செலவிட்டிருக்கிறேன். அதனால் யாருக்கும் பசி தீர்ந்ததாகவோ நோய் தீர்ந்ததாகவோ தகவல் இல்லை.

நாம் அரிசி தின்கிறவர்கள், நமக்கென்ன கவலை என்றுதான் முதலில் நினைத்தேன். இட்லி, இடியாப்பம், ஆப்பம், புட்டு, கேழ்வரகுக் களி, கம்பங்கூழ் எதிலும் இந்தப் பசை இல்லை. வரகும் தினையும் சாமையும் அப்படியே. வீட்டைப் பொறுத்தவரை இது உண்மைதான். வெளியே கால் வைத்தபிறகுதான் மற்றது தெரிந்தது. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். சிலவற்றில் மட்டுமே அரிசி மாவு. ஆகவே உணவகத்தில் இட்லி சாப்பிடலாம், அதன்மேல் ஊற்றுகிற சாம்பாரைச் சாப்பிட முடியாது. இட்லிப் பொடியும் அப்படித்தான். தோசை வார்க்கும் கல்லில்தான் சப்பாத்தியும் போடுகிறார்கள். உளுந்து வடை உளுந்தால் ஆனது. அது வேகும் எண்ணெயில் சற்றுமுன் மைதா போண்டா வெந்திருக்கும். தெருமுனை மாவு மில்லில் கேழ்வரகு அரைக்கக் கொடுத்தால், நமக்கு முன்னால் நின்றவர் கோதுமை அரைத்திருப்பார். இதெல்லாம் தெரிந்தபின் சின்ன மாவரைக்கும் இயந்திரம் ஒன்றை வாங்கிச் சமையலறையில் வைத்தேன். வரும் உறவினர்கள் அதைத் தொடக்கூடாது என்று சொல்லிச் சொல்லி, அகங்காரி என்ற பெயரையும் வாங்கிக்கொண்டேன்.

இவ்வளவு நுணுக்கம் தேவையா என்று கேட்பவர்கள் உண்டு. கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குள் குளூட்டன் இருந்தால்தான் ஓர் உணவைக் குளூட்டன் அற்றது என்று சொல்லலாம் என்பது உலகளாவிய வரையறை. நம் நாட்டு விதியும் அதுவே. நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் வீதம் மூன்று மாதம் போனாலே குடல் சேதமடைவதை 2007இல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வு காட்டியது. ஒரு துண்டு ரொட்டியில் ஏறத்தாழ 2 கிராம் இருக்கும். அதை நாற்பதாகப் பிய்த்தால் ஒரு பிய்ச்சல்தான் இந்த 50 மில்லிகிராம். கண்ணுக்குத் தெரிகிற அளவுகூட வேண்டியதில்லை.

பீட்சாக் கடை என்பது இந்த மாவு காற்றிலேயே மிதக்கிற இடம்.  மாவு ஒட்டாமல் இருக்க மேசையில் தூவுகிறார்கள். அடுப்புக்குள் தள்ளும் துடுப்பிலும் தூவுகிறார்கள். அடுப்பின் தரையில் கருகிய மாவு படிந்து கிடக்கும். மாவைத் தட்டிய கையாலேயே பாலாடைக்கட்டித் துருவலை அள்ளுவார்கள். தக்காளிக் குழம்பை அடித்தட்டின்மேல் தேய்த்த கரண்டி மறுபடி அதே பாத்திரத்துக்குள் போகும். வெட்டும் சக்கரக் கத்தி ஒன்றுதான். அடித்தட்டை அரிசி மாவில் செய்துவிட்டால் மட்டும் போதாது. அது கடந்து வருகிற பாதை முழுவதும் துப்புரவாக இருக்க வேண்டும்.

பிறந்தநாளுக்கு மூன்று வாரம் இருந்தது. கல்லூரி விட்டு வரும் வழியில் ஒவ்வொரு கடையாக ஏறினேன்.

முதல் கடையில் பணியாளர் இளைஞர், மிக உற்சாகமானவர். கோதுமையில்லாத பீட்சா உண்டா என்று கேட்டேன். "மைதாவே கிடையாது மேடம். நூறு சதவீதம் கோதுமை. ஹெல்த்தி" என்றார். மைதாவும் கோதுமைதான் என்று விளக்கினேன். அவர் என்னை இரக்கத்துடன் பார்த்தார். மைதாவைக் கெட்டது என்றும் கோதுமையை நல்லது என்றும் இருபது ஆண்டுகளாகச் சொல்லிச் சொல்லி, அவை இரண்டும் ஒரே மணியிலிருந்து வருபவை என்பதையே மறக்கடித்துவிட்டோம். சர்க்கரை நோயா என்று பரிவோடு விசாரித்து, காய்கறி சூப் ஒன்றைப் பரிந்துரைத்தார்.

இரண்டாவது பெரிய கடை. அட்டையிலேயே குளூட்டன் இல்லாத பீட்சா அச்சிடப்பட்டிருந்தது. எனக்கு நெஞ்சு படபடத்தது. மேலாளரை அழைத்துக் கேட்டேன். உறைய வைத்த அடித்தட்டு பொட்டலத்தில் வருகிறது, அதில் கோதுமை இல்லை, அது உண்மை. பிரித்த பிறகு எல்லாம் பொதுதான். அவர்களுடைய அடுப்பு, பீட்சாவை ஒரு பட்டையில் நகர்த்தியபடி இருபுறமும் சூடான காற்றை ஊதுகிற வகை. முன்னால் போன பத்துப் பீட்சாக்களின் மாவுத்தூசியை என் மகளுடைய பீட்சாவின்மேல் ஊதித் தள்ளும். "நோயாளிகளுக்கு நாங்க இதைச் சிபாரிசு பண்றதில்ல மேடம்" என்றார். பிறகு யாருக்காக இது என்று கேட்டேன். "டயட்ல இருக்கிறவங்க விரும்பிக் கேக்கிறாங்க" என்றார். ஒளிக்காமல் சொன்னதற்காக அவருக்கு நன்றி சொன்னேன். மெலிவதற்காகக் கோதுமையைத் துறந்தவர்கள் ஒருவகையில் எங்களுக்கு உதவியிருக்கிறார்கள். அவர்களால்தான் அரிசி மாவு ரொட்டியும் பாஸ்தாவும் மதுரையில் கிடைக்கின்றன. அவர்களாலேயே இந்தச் சொல்லின் கூர்மையும் மழுங்கிப் போய்விட்டது. குளூட்டன் இல்லாமல் வேண்டும் என்று நான் கேட்கும்போது, கேட்பவர் காதில் அது விருப்பமாக விழுகிறது.

பீட்சா பிறந்த நாட்டில் இதைச் சட்டமாகவே செய்திருக்கிறார்கள். இத்தாலியில் 2005ஆம் ஆண்டின் 123ஆம் எண் சட்டம் சீலியாக் நோயை ஒரு சமூகநோயாக ஏற்று, பள்ளி, மருத்துவமனை முதலியவற்றின் உணவுக்கூடங்களில் கேட்பவர்க்கு குளூட்டன் இல்லாத உணவு தரவேண்டும் என்கிறது. அத்தகைய உணவு வாங்க அரசு மாதந்தோறும் உதவித்தொகையும் தருகிறது. அங்குள்ள நோயாளர் சங்கம் 1979இல் தொடங்கப்பட்டது. உணவகத்தாருக்குப் பயிற்சி கொடுத்துப் பட்டியலும் வெளியிடுகிறது. இதையெல்லாம் மகள்தான் எங்கோ படித்துவிட்டு வந்து என்னிடம் சொன்னாள். "நேப்பிள்ஸ்ல பொறந்திருக்கலாம்" என்று பெருமூச்சும் விட்டாள்.

மூன்றாவது கடைக்குப் போனபோது அப்பாவும் உடன் இருந்தார். கண் மருத்துவரிடம் காட்டிவிட்டு ஆட்டோவில் திரும்பிக்கொண்டிருந்தோம். அந்தக் கடையில் நெரிசல் இல்லாததைக் கண்டு இறங்கினேன். இந்த முறை பொதுவாகக் கேட்காமல் செய்முறையாகவே கேட்பது என்று தீர்மானித்திருந்தேன். "அடித்தட்டு நாங்களே கொண்டு வர்றோம். தனித் தட்டு, தனிக் கத்தி, தனிக் கரண்டி வேணும். மத்தவங்களுக்குப் பண்ற பாத்திரம் எதுவும் இதுல படக்கூடாது" என்றேன்.

பணியாளர் ஒன்றும் ஆச்சரியப்படவில்லை. "ஜெயினா மேடம்? அதுக்குத் தனி அலமாரியே வச்சிருக்கோம். வெங்காயம் பூண்டு எதுவும் படாது" என்றார். ஜெயின் இல்லை என்றேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, புரிந்துகொண்ட பாவனையில், "ஐயர் வீடா?" என்றார்.

அப்பா வெளியே நடந்து போய்விட்டார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அப்பா பிறந்தது மேலூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். எங்கள் தெருக்காரர்களுக்கு அங்கிருந்த தேநீர்க்கடையில் கொட்டாங்கச்சி. சில ஆண்டுகள் கழித்து அது கண்ணாடிக் குவளை ஆயிற்று. கடையின் கூரைக் கம்பில் அதற்கென்று தனி ஆணி. குடித்துவிட்டு நாமே கழுவி மாட்டிவிட்டு வரவேண்டும். அப்பா படித்து, தொடக்கப்பள்ளி ஆசிரியராகி, 2008இல் ஓய்வுபெற்றார். இன்றைக்கும் எந்தக் கடையிலும் தேநீர் குடிக்கமாட்டார். வயிற்றுக்கு ஆகாது என்பார். எனக்கு அந்தக் காரணத்தை ஏற்றுக்கொள்ளவே விருப்பம்.

ஆட்டோவில் அவர் ஒன்றும் பேசவில்லை. இரவு சாப்பிட்ட பிறகு, "இன்னொரு தடவ அப்படிக் கேக்காதம்மா" என்றார்.

"வேற எப்படிப்பா கேக்கிறது? அவளுக்கு ஆகாதே."

அவருக்கும் பதில் தெரியவில்லை. நான் அன்று வெகுநேரம் தூங்கவில்லை. நான் கேட்டதில் தவறில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருள் என் குழந்தையின் உடலைக் கெடுக்கிறது, அது பாத்திரம் வழியாகப் பரவுகிறது, அதற்காகக் கேட்கிறேன். ஆனால் இதைச் சொல்ல வாய் திறந்தால் வருகிற சொற்கள் எல்லாம் முன்னமே வேறு வேலைக்குப் பயன்பட்டுக் கறைபட்டவை. படக்கூடாது, தொடக்கூடாது, தனிப் பாத்திரம், சுத்தம். அந்தப் பணியாளரைக் குறை சொல்லமுடியாது. தனிப் பாத்திரம் கேட்டு வருகிறவர்களை நம் ஊர்ச் சமையலறை நெடுங்காலமாக அறியும். அவர்களுக்காக அலமாரியே இருக்கிறது. நோய்க்காகக் கேட்பவளுக்கு அந்த அலமாரியில் இடம் உண்டு, நான் யாராகவாவது நடித்தால்.

உண்மையைச் சொல்கிறேன், நடித்துவிடலாமா என்றும் யோசித்தேன். ஆமாம், ஜெயின்தான் என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. அப்படிச் சொல்லி வாங்கினாலும் அவர்கள் விலக்குவது வெங்காயத்தை, மாவை அன்று. 'அலர்ஜி' என்று சொல்லிப் பார்க்கலாம் என்று மருத்துவரே யோசனை சொல்லியிருந்தார். சீலியாக் என்பது ஒவ்வாமை இல்லை, வேறு வகை நோய். ஆனாலும் புரிய வைக்க உதவும் என்றார். சொல்லிப் பார்த்தேன். தும்மல் வருமா, தடிப்பு வருமா, ஒரு செட்ரிசின் போட்டுக்கொள்ளலாமே என்கிறார்கள்.

நான்காவது கடை ஊருக்கு வடக்கே, நான்கு மேசை மட்டும் உள்ள சிறிய இடம். நடத்துபவர் முப்பது வயதுக்காரர். முன்பு பயணக் கப்பல் ஒன்றில் சமையல் வேலை பார்த்தவர். நான் சீலியாக் என்று சொன்னதுமே, "முடியாது அக்கா" என்றார். இதுவரை எல்லாரும் முடியும் என்றார்கள், அல்லது அட்டையைக் காட்டினார்கள். ஏன் முடியாது என்று கேட்டேன். "கப்பல்ல இதுக்குத் தனி மூலை இருக்கும், தனி ஆள் இருப்பான். இங்க இருக்கிறது பத்துக்குப் பத்து. சாயங்காலம் ஆறு மணிக்கு உள்ள வந்து பாருங்க, விபூதி பூசுன மாதிரி இருப்போம்" என்றார். முடியாது என்று காரணத்தோடு சொல்லத் தெரிந்தவரால் மட்டுமே இதைச் செய்ய முடியும் என்று எனக்கு அப்போது தோன்றிவிட்டது. நான் போகவில்லை. ஒரு காப்பி வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

சற்று நேரத்தில் அவரே வந்தார். காலையில் என்றால் பார்க்கலாம் என்றார். இரவு பதினொன்றுக்குக் கடை கழுவுகிறார்கள். மறுநாள் மாவு வெளியே வருவது பகல் பன்னிரண்டுக்கு மேல்தான். இடையில் தூசி அடங்கியிருக்கும். அடுப்பு தட்டையான தரை உள்ளது, காற்று ஊதாது. புதுத் தட்டில் தாள் விரித்து வைத்தால் அடுப்பின் தரை படாது. தக்காளியும் பாலாடைக்கட்டியும் புதிதாகப் பிரித்துக்கொள்ளலாம். ஓரிகானோப் பொட்டலத்தின் பின்புறத்தை அங்கேயே திருப்பிப் படித்தார். இவ்வளவும் சொல்லிவிட்டு, "ஆனா அடுப்புக்கு மாஸ்டர் ஒருத்தர் இருக்காரு. அவரு ஒத்துக்கணும்" என்றார்.

அடுத்த ஞாயிறு அப்பாவையும் அழைத்துக்கொண்டு போனேன். அவர் வருவதாகச் சொன்னது எனக்கே வியப்பு. மாஸ்டர் ஐம்பது வயதைத் தாண்டியவர். பரோட்டாக் கடையில் பல ஆண்டுகள் கல்லடியில் நின்றுவிட்டுப் பீட்சாவுக்கு வந்தவர். முழங்கைவரை மாவு. நான் குடலுறிஞ்சியில் தொடங்கி விளக்க ஆரம்பித்தேன். வகுப்பெடுத்த பழக்கம். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். "கொஞ்சூண்டு பட்டா என்னாகும்மா? நாங்களும் புள்ள குட்டிக்காரங்கதான், சுத்தமாத்தான் செய்வோம்" என்றார். சுத்தம் என்ற சொல் மறுபடி வந்து நின்றது. அவர் மனம் கோணியிருப்பது தெரிந்தது.

அப்பா அதுவரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "சுத்தத்துக்கு என்னப்பா கொறச்சல்? புள்ளைக்குப் பத்தியம். கோதும மாவு தூசி பட்டாலே பத்தியம் முறிஞ்சுபோகும்" என்றார்.

மாஸ்டர் முகம் மாறியது. "அட, பத்தியமா? முன்னாடியே சொல்லக்கூடாதா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அவருடைய தாய்க்கு மஞ்சள் காமாலை வந்தபோது நாட்டு மருந்து கொடுத்து உப்பில்லாமல் வைத்திருந்ததையும், யாரோ தெரியாமல் ஒரு வாய் ஊறுகாய் கொடுத்ததையும், பட்ட பாட்டையும் சொன்னார். பத்தியம் முறிந்தால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. "எத்தன நாளைக்கு?" என்றார்.

"ஆயுசுக்கும்" என்றார் அப்பா.

மாஸ்டர் கையிலிருந்த மாவை உதறப் போனவர், உதறாமல் தள்ளிப் போய்க் கழுவிவிட்டு வந்தார்.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ் கற்பிக்கிறேன். நான்கு கடை ஏறி இறங்கியும் எனக்கு அந்தச் சொல் தோன்றவில்லை. மருத்துவம் என்றதும் ஆங்கிலச் சொல்லையும் அதன் பெயர்ப்பையுமே என் மனம் தேடியிருக்கிறது. வீட்டில் பாட்டி பிள்ளை பெற்றவர்களுக்குப் பத்தியக் குழம்பு வைத்ததைப் பார்த்து வளர்ந்தவள்தான் நான். பத்தியம் என்பது ஒரு முடிவுள்ள காலத்துக்கு உரியது, மருந்தோடு சேர்ந்தது, என் மகளுடையது அப்படியில்லை என்று அகராதிக்காரர்போல் குறை கண்டுபிடிக்கவும் என்னால் முடியும். ஆனால் இந்தச் சொல்லில் விலக்கப்படுவது பொருள், ஆள் இல்லை. காப்பாற்றப்படுகிறவர் நோயாளி. பத்தியக்காரருக்குத் தனியாகச் சமைப்பதை யாரும் இழிவாகவோ செருக்காகவோ எடுத்துக்கொள்வதில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளியே ஆனாலும் அவருக்காகக் குழம்பை இரண்டாகப் பிரிப்பார்கள்.

பிறந்தநாள் ஒரு சனிக்கிழமையில் வந்தது. காலை பத்தரை மணி. அடித்தட்டை வீட்டிலேயே பாதி வேகவைத்து எடுத்துப் போயிருந்தேன். பச்சரிசி மாவோடு சேலம் மரவள்ளி மாவு, பசைக்குப் பதிலாக இசப்கோல். பிசைந்தால் கையில் களிபோல் ஒட்டும். வீசவும் முடியாது, விரிக்கவும் முடியாது, விரலால் தட்டித்தான் வட்டமாக்க வேண்டும். மாஸ்டர் டப்பாவைத் திறந்து பார்த்து, "இது அடை மாதிரில்ல இருக்கு" என்றார். வெட்டுவதற்குப் புதுக் கத்தரிக்கோல் வாங்கி வைத்திருந்தார். மேசையை ஈரத்துணியால் இரண்டு முறை துடைத்தார்.

ஒன்றை மட்டும் நான் யோசித்திருக்கவில்லை. தோழிகளுக்கு என்ன கொடுப்பது? அவர்களுக்குச் சாதாரண பீட்சா வந்தால் ஒரே மேசையில் துணுக்குகள் சிதறும்; கை மாறும்; "ஒரு வாய் தா" என்பார்கள். கடைக்காரர் முன்தினமே தொலைபேசியில் இதைக் கேட்டிருந்தார். "நாலு பேருக்கும் அதே மாவுலயே கொண்டு வந்துடுங்கக்கா. வேற எதுவும் அன்னிக்குக் காலைல வெளிய எடுக்கமாட்டேன்" என்றார். எனவே நான்கு அடித்தட்டுகள். வந்த பெண்களுக்கு எதுவும் வித்தியாசமாகத் தெரியவில்லை. ஒருத்தி மட்டும் ஓரம் கொஞ்சம் மொறுமொறுப்பாக இருப்பதாகச் சொன்னாள், பாராட்டாகத்தான். ஒருவர் தட்டிலிருந்து ஒருவர் எடுத்துத் தின்றார்கள். என் மகளும் மற்றவள் தட்டில் கை வைத்தாள். பள்ளியில் நான்கு ஆண்டுகளாக அவள் செய்யாத காரியம் அது. என் கை தன்னையறியாமல் தடுக்க நீண்டு, பின் அடங்கியது.

அப்பாவுக்கும் ஒரு துண்டு வைத்தார்கள். பாதி தின்றார். புளிப்பாக இருக்கிறது என்றார். பிறகு கடைக்காரர் எலுமிச்சைத் தேநீர் ஒன்று கொண்டுவந்து அவர் முன் வைத்தார். அதை அவர் குடிக்கவில்லை. நான் எதுவும் சொல்லவில்லை.

வீடு திரும்பியதும், "எப்படி இருந்துச்சு?" என்று மகளிடம் கேட்டேன். மூன்று வார அலைச்சலுக்கு ஏதாவது ஒரு வார்த்தை கிடைக்கும் என்ற நப்பாசை. "நல்லா இருந்துச்சும்மா. நீ பண்றதுல உப்பு கொஞ்சம் சரியா இருக்கும்" என்றாள். இரண்டு மாதம் கழித்து வழக்கமான இரத்தப் பரிசோதனை வந்தது. எதிர்ப்பொருள் அளவு வரம்புக்குள்ளேயே இருந்தது.

அதன்பின் நான்கைந்து முறை அங்கே போயிருக்கிறோம். எப்போதும் காலை பத்தரைக்கு. கார்த்திகை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, அடித்தட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பும் நேரத்தில் கடைக்காரரிடமிருந்து செய்தி வந்தது. புதிதாகச் சேர்ந்த பையன் காலையிலேயே மைதா மூட்டையைப் பிரித்துக் கொட்டிவிட்டானாம். கடை முழுவதும் மாவு. "இன்னிக்கு வேணாம் அக்கா. மாஸ்டர் சொல்லச் சொன்னாரு, பத்தியம் முறிஞ்சிடும்னு."

மகள் செருப்பைக் கழற்றினாள். அன்று இடியாப்பம் பிழிந்தோம்.